ஆயக்காரன் வீட்டுப் பந்தி

எழுத்தாளனுக்குத் திருநாள் எடுக்கிற வழக்கம் உலகத்தில் அதிகம் இல்லை. அரசர்களுக்கு உண்டு; வீரர்களுக்கு உண்டு; துறவிகளுக்கு உண்டு. பேனா பிடித்தவனுக்கு எப்போதாவது ஒரு சிலை வைப்பார்கள். அது காக்கை உட்காருவதற்கு உதவும். ஆனால் கிறிஸ்தவ ஆலயங்களின் நாள்காட்டியில் நான்கு எழுத்தாளர்களுக்கு ஆண்டுதோறும் ஒவ்வொரு நாள் ஒதுக்கியிருக்கிறது. மாற்குவுக்கு ஏப்ரல் 25. மத்தேயுவுக்குச் செப்டம்பர் 21. லூக்காவுக்கு அக்டோபர் 18. யோவானுக்கு டிசம்பர் 27. இயேசுவின் சரித்திரத்தை எழுதி வைத்தவர்கள் என்று சபை இந்த நால்வரையும் போற்றுகிறது. சுவிசேஷகர்கள் என்று இவர்களுக்குப் பெயர்.

இந்த நால்வரில் மத்தேயுவின் நாளைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தேன். லுத்தரன் சபை அந்த நாளை எப்படி வைத்துக்கொண்டது, அன்றைய ஆராதனையில் எதைப் படிக்கிறார்கள், படித்த கையோடு நடக்கும் இராப்போஜனப் பந்தியில் யாரோடு யார் சேர்ந்தார்கள், யார் சேரத் தயங்கினார்கள் என்பதெல்லாம் ஐந்நூறு ஆண்டுக் கதை. அதன் ஒரு முனை ஜெர்மனியில் இருக்கிறது. மறு முனை நம்முடைய தரங்கம்பாடியில் இருக்கிறது.

முதலில் மத்தேயு யார் என்று பார்த்துவிடலாம்.

கப்பர்நகூம் என்பது கலிலேயாக் கடலோரத்தில் இருந்த ஓர் ஊர். ரோமாபுரியின் தயவில் ஏரோது அந்திப்பா அந்தப் பிரதேசத்தை ஆண்டுகொண்டிருந்தான். அங்கே ஆயத்துறையில் உட்கார்ந்து வரி வாங்கிக்கொண்டிருந்தவர் மத்தேயு. ஆயக்காரன் என்றால் அந்த நாளைய யூதர்களுக்கு வேப்பங்காய். அந்நிய ஆட்சிக்குத் துணை போகிறவன், கட்ட வேண்டியதற்கு மேல் பிடுங்கி மிச்சத்தைத் தன் பையில் போட்டுக்கொள்கிறவன் என்று அவனைக் கரித்துக் கொட்டினார்கள். மரியாதைப்பட்ட வீடுகளில் அவனுக்கு இலை விழாது. அவன் வீட்டில் மரியாதைப்பட்டவர்கள் கை நனைக்க மாட்டார்கள்.

அந்த வழியாக வந்த இயேசு அவரைப் பார்த்துத் தம்மோடு வரும்படி கூப்பிட்டார். மத்தேயு எழுந்து போனார். அப்புறம் ஒரு வீட்டில் விருந்து நடந்தது. ஆயக்காரர்களும் ஊரார் ஒதுக்கி வைத்த இன்னும் பலரும் வந்து இயேசுவோடும் சீஷர்களோடும் ஒரே பந்தியில் உட்கார்ந்தார்கள். ஆசார சீலர்களான பரிசேயர்கள் இதைக் கண்டார்கள். அவர்கள் நேரே இயேசுவிடம் கேட்கவில்லை. சீஷர்களைக் கூப்பிட்டு, உங்கள் குரு ஏன் இப்படிப்பட்டவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்று விசாரித்தார்கள். நோயாளிக்குத்தானே வைத்தியன் வேண்டும் என்ற பொருளில் இயேசு பதில் சொன்னார்.

கதை எழுதுகிறவன் என்ற முறையில் எனக்கு இந்தப் பகுதியில் ஒரு சிறு விஷயம் மிகவும் பிடிக்கும். இதே சம்பவத்தை லூக்காவும் எழுதியிருக்கிறார். அவர் அந்த ஆயக்காரரை லேவி என்று அழைக்கிறார். லேவி தம் வீட்டில் பெரிய விருந்து செய்தார் என்று விவரமாகவே சொல்கிறார். மத்தேயுவின் புத்தகத்திலோ வெறுமனே வீட்டில் பந்தி நடந்தது என்று மட்டும் இருக்கிறது. யார் வீடு, யார் செலவு என்ற பேச்சே இல்லை. விருந்து வைத்தவர் தாம் வைத்ததாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அந்த விருந்தைப் பற்றி எழுந்த புகாரை மட்டும் மறைக்காமல் எழுதிவிட்டார். அப்போஸ்தலரான மத்தேயுவே இந்தப் புத்தகத்தை எழுதினார் என்பதை இன்றைய ஆராய்ச்சியாளர்களில் பலர் ஒப்புக்கொள்வதில்லை. அந்த வாதம் எப்படி முடிந்தாலும், சபையின் மரபு அவரைத்தான் ஆசிரியராக வைத்திருக்கிறது. அவருடைய நாளில் ஆலயத்தில் படிக்கும் பாடமும் இந்தப் பந்திக் கதைதான். ரோமன் சபையின் பழைய பூசையிலும் அதே பாடம். லூத்தர் வழி வந்தவர்களும் அதை மாற்றவில்லை.

லூத்தருக்கு முந்திய ஜெர்மனியில் பரிசுத்தவான்களின் நாட்கள் கணக்கில்லாமல் இருந்தன. ஒவ்வொரு தொழிலுக்கும் ஒவ்வொரு நோய்க்கும் ஒவ்வொரு பரிசுத்தவான் உண்டு. கடவுளிடம் நேரே போக அஞ்சிய ஜனங்கள் அவர்களைச் சிபாரிசு செய்யும்படி வேண்டிக்கொண்டார்கள். பெரிய அதிகாரியைப் பார்ப்பதற்கு முன்னால் வாசல் சேவகனைப் பார்க்கிற மாதிரிதான். விட்டன்பர்க் நகரத்தின் அரண்மனைக் கோவிலில் சாக்சனி இளவரசர் பிரடெரிக், பரிசுத்தவான்களின் எலும்பு, பல், துணித்துண்டு என்று சுமார் 19,000 பொருள்களைச் சேர்த்து வைத்திருந்தார். குறிப்பிட்ட நாளில் வந்து தரிசித்தால் இத்தனை வருஷத் தண்டனை குறையும் என்று கணக்கும் இருந்தது. அந்த நகரத்தில்தான் மார்ட்டின் லூத்தர் வேதசாஸ்திரப் பேராசிரியராக இருந்தார்.

பரிசுத்தவான்களின் பக்கம் இப்படி என்றால், பந்தியின் பக்கம் வேறு விதமாக இருந்தது. இயேசு கைது செய்யப்பட்ட இரவில் சீஷர்களோடு கடைசியாக உண்டபோது அப்பத்தையும் திராட்சரசப் பாத்திரத்தையும் அவர்களுக்குக் கொடுத்தார். அதன் நினைவாக நடப்பதே இராப்போஜனம். ஆரம்ப நூற்றாண்டுகளில் வந்தவர்கள் எல்லோரும் இரண்டையும் பெற்றார்கள். ஐரோப்பாவில் பன்னிரண்டு, பதின்மூன்றாம் நூற்றாண்டுகளில் பாத்திரம் மெல்ல மெல்ல ஜனங்களின் கையைவிட்டு நழுவியது. ரசம் சிந்திவிடுமே என்ற பயபக்திதான் முதல் காரணம். அப்பத்திலேயே கிறிஸ்து முழுமையாக இருக்கிறார், ஆகவே அது மட்டும் போதும் என்று பண்டிதர்கள் பிறகு சாஸ்திரம் சொன்னார்கள். முடிவில் பாத்திரத்தில் குடிப்பவர் பூசை செய்யும் குருவானவர் ஒருவரே என்றாயிற்று. ஜனங்கள் அப்பத்தைக்கூட அடிக்கடி வாங்கவில்லை. வருஷத்துக்கு ஒரு முறை, ஈஸ்டரில், கட்டாயம் வாங்கத்தான் வேண்டும் என்று 1215-ல் ஒரு மகாசங்கம் சட்டம் போட வேண்டியிருந்தது என்றால் நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

பயபக்தியில் தொடங்கிய ஏற்பாடு நாளடைவில் மேலோர், கீழோர் என்ற வரம்பாக இறுகிவிட்டது. பிராகா நகரத்தில் 1414-ல் சில குருமார்கள் ஜனங்களுக்கு மறுபடியும் பாத்திரத்தைக் கொடுக்கத் தொடங்கினார்கள். மறு வருஷம் ஜூன் மாதம் கான்ஸ்டன்ஸ் மகாசங்கம் அதைத் தடை செய்தது. மூன்று வாரம் கழித்து, 1415 ஜூலை 6-ஆம் தேதி, அந்தக் குருமார்களின் தலைவரான யான் ஹூஸ் அதே நகரத்தில் எரிக்கப்பட்டார். அவர் மீது சாட்டிய குற்றங்கள் வேறு பல. ஆனால் பொஹீமிய நாட்டு ஜனங்கள் அவருடைய சாவுக்குப் பிறகு தங்கள் கொடியில் பொறித்துக்கொண்டது திராட்சரசப் பாத்திரத்தைத்தான். ஒரு கிண்ணத்துக்காக நாடு முழுவதும் வருஷக் கணக்கில் யுத்தம் நடந்தது.

லூத்தர் 1520-ல் எழுதிய ஒரு நூலில், ஜனங்களிடமிருந்து பாத்திரத்தைப் பறித்ததைச் சபைக்கு நேர்ந்த முதல் சிறை என்று வர்ணித்தார். அடுத்த ஆண்டு ஜனவரியில் போப்பாண்டவர் அவரைச் சபையிலிருந்து நீக்கினார். ஏப்ரலில் வோர்ம்ஸ் நகரத்துச் சக்கரவர்த்தி சபையில் அவர் பணிய மறுத்தார். உயிருக்கு ஆபத்து என்று கண்ட இளவரசர் பிரடெரிக் அவரை வார்ட்பர்க் கோட்டையில் ஒளித்து வைத்தார்.

குரு மறைந்திருந்த சமயத்தில் சீடர்கள் வேகப்பட்டார்கள். 1521 செப்டம்பர் 29-ஆம் தேதி மெலாங்க்தன் என்ற இளம் பேராசிரியர் தம் மாணவர் சிலரோடு விட்டன்பர்க் ஊர்க் கோவிலில் அப்பம், ரசம் இரண்டையும் பெற்றார். அந்த ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று கார்ல்ஷ்டாட் என்ற மற்றொரு பேராசிரியர் குருவின் அங்கி இல்லாமல் சாதாரண உடையோடு வந்து ஆராதனை நடத்தினார். ஜெர்மன் பாஷையில் இராப்போஜன வார்த்தைகளைச் சொன்னார். ஜனங்கள் தங்கள் கையாலேயே அப்பத்தை எடுத்து, தங்கள் கையாலேயே பாத்திரத்தைப் பிடித்துக் குடிக்கச் சொன்னார். பரம்பரையாக எட்டி நின்று பார்த்த பொருளைத் திடீரென்று தொடச் சொன்னால் கை நடுங்காதா? சிலர் அப்பத்தைத் தரையில் போட்டுவிட்டுப் பதறிப் போனார்கள். ஊரில் சந்தோஷமும் கலவரமும் சேர்ந்தே கிளம்பின.

1522 மார்ச்சில் லூத்தர் கோட்டையைவிட்டுத் திரும்பினார். எட்டு நாள் தொடர்ந்து பிரசங்கம் செய்தார். பாத்திரத்தை ஜனங்களுக்குக் கொடுப்பது சரியே. ஆனால் மனம் ஒப்பாதவனை அதட்டிக் குடிக்க வைப்பது தவறு. முதலில் போதனை செய்யுங்கள், மனம் கனிந்த பிறகு கை தானாக நீளும் என்பதே அந்தப் பிரசங்கங்களின் சாரம். கொஞ்ச காலத்துக்குப் பழைய முறையில் பெறுகிறவர்களும் புதிய முறையில் பெறுகிறவர்களும் அருகருகே இருந்தார்கள். புரட்சிக்காரர்களுக்கு இந்தப் பொறுமை பிடிக்கவில்லை. அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. பொறுமை என்ற நல்ல சொல் எங்கே நியாயமாகவும் எங்கே சாக்காகவும் ஆகிறது என்ற கேள்வி இந்தச் சரித்திரத்தில் பின்னாலும் வருகிறது.

கோட்டையில் லூத்தர் சும்மா இருக்கவில்லை. புதிய ஏற்பாடு முழுவதையும் சுமார் பதினொரு வாரத்தில் கிரேக்கத்திலிருந்து ஜெர்மன் பாஷைக்குக் கொண்டுவந்திருந்தார். 1522 செப்டம்பரில் அது அச்சாகி வெளிவந்தது. தலைப்புப் பக்கத்தில் மொழிபெயர்த்தவர் பெயர் இல்லை. அச்சிட்டவர் பெயரும் இல்லை. ஊர்ப் பெயர் மட்டும் இருந்தது. டிசம்பரில் மறு பதிப்புப் போட வேண்டியதாயிற்று. புத்தகம் வெளிவந்தது செப்டம்பர் 21-ஆம் தேதி வாக்கில் என்று சொல்வார்கள். அது மத்தேயுவின் நாள். புத்தகத்தைத் திறந்தால் முதலில் வருவதும் மத்தேயுவின் சுவிசேஷம். திட்டமிட்டு நடந்ததோ தற்செயலோ, ஓர் எழுத்தாளருக்கு இதைவிட நல்ல திருநாள் காணிக்கை கிடையாது.

பரிசுத்தவான்களின் நாட்களை இனி என்ன செய்வது என்ற பிரச்னை அடுத்து வந்தது. லூத்தர் 1523-ல் எழுதிய ஆராதனை ஒழுங்குகளில் அவற்றில் பெரும்பகுதியை வெட்டிவிடச் சொன்னார். கட்டுக்கதைகள் மண்டிப் போன நாட்கள் வேண்டாம். நல்ல வரலாறு இருந்தால் அதை ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் எடுத்துக் காட்டினால் போதும் என்றார். வேதத்திலேயே இடம் பெற்ற அப்போஸ்தலர்களின் நாட்களை விரும்புகிற சபைகள் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார். அப்படித் தங்கியவர்களில் ஒருவர் மத்தேயு.

1530 ஜூன் 25-ஆம் தேதி அவுக்ஸ்பர்க் நகரத்தில் சக்கரவர்த்தி ஐந்தாம் சார்லஸ் முன்னிலையில் லுத்தரன் பிரபுக்களின் விசுவாச அறிக்கை வாசிக்கப்பட்டது. அதை எழுதியவர் மெலாங்க்தன். நீக்கப்பட்டவரான லூத்தர் அங்கே போக முடியாமல் கோபர்க் கோட்டையில் காத்திருந்தார். சாக்சனி நாட்டுச் சான்சலர் கிறிஸ்டியன் பேயர், முற்றத்தில் நின்றவர்களுக்கும் கேட்கும்படி உரத்த குரலில் ஜெர்மன் பாஷையில் இரண்டு மணி நேரம் படித்தார்.

அந்த அறிக்கையில் மொத்தம் 28 பிரிவுகள். அவற்றில் 21-ஆவது, பரிசுத்தவான்களைப் பற்றியது. அவர்களை நினைவுகூரலாம், அவர்களுடைய விசுவாசத்தைப் பார்த்து நாமும் நடக்கலாம். ஆனால் அவர்களிடம் போய்ச் சிபாரிசு கேட்கக்கூடாது என்கிறது. 22-ஆவது பிரிவு, அப்பமும் பாத்திரமும் இரண்டும் ஜனங்களுக்கு உரியவை என்கிறது. இந்த இரண்டும் அடுத்தடுத்து வருவதை நான் தற்செயல் என்று தள்ளிவிட விரும்பவில்லை. சிபாரிசுக்காரனை எடுத்துவிட்டால், தடுப்புக் கம்பியையும் எடுத்துவிடத்தானே வேண்டும்! மத்தேயுவிடம் இனி எதுவும் கேட்க வேண்டாம். அவர் எழுதியதைக் கேளுங்கள். கேட்டுவிட்டு எல்லோரும் வந்து பந்தியில் சேருங்கள் என்பதுதான் இரண்டும் சேர்ந்து சொல்லும் பொருள். 24-ஆவது பிரிவு, திருநாள் ஒவ்வொன்றிலும் எல்லோருக்கும் பொதுவான ஓர் ஆராதனையும், விரும்பி வருகிறவர்களுக்கு இராப்போஜனமும் நடக்கின்றன என்று விளக்கம் கொடுக்கிறது.

அந்த ஆராதனை எப்படி இருந்தது? பழைய பூசையைப் பார்த்துப் பழகியவனுக்கு முதல் பார்வையில் வித்தியாசமே தெரிந்திராது. பீடம் இருந்தது, மெழுகுவர்த்தி எரிந்தது, பல ஊர்களில் குருவானவர் பழைய அங்கியையே அணிந்தார். இரக்கம் வேண்டும் பாட்டு, துதிப் பாட்டு, அந்த நாளுக்குரிய ஜெபம், நிருபம், சுவிசேஷம், விசுவாசப் பிரமாணம் என்று வரிசையும் பழையதே. பள்ளிக்கூடம் உள்ள பட்டணங்களில் மாணவர்கள் லத்தீனில் பாடுவதும் நிற்கவில்லை. ஆனால் பாடத்தையும் பிரசங்கத்தையும் ஊரார் தங்கள் சொந்தப் பாஷையில் கேட்டார்கள். பாட்டையும் அவர்களே எழுந்து நின்று பாடினார்கள். முன்பு வாய்க்குள் முணுமுணுத்த இராப்போஜன வார்த்தைகளைக் குருவானவர் இப்போது எல்லோரும் கேட்க உரக்கச் சொன்னார், அல்லது பாடினார். பெற விரும்புகிறவர்கள் முன்கூட்டியே குருவானவரிடம் சொல்லி வைக்க வேண்டும். எதைப் பெறப் போகிறோம் என்று தெரிந்திருக்கிறதா என்று அவர் விசாரிப்பார். முதலில் ஆண்கள், பிறகு பெண்கள் என்று முன்னால் வந்து அப்பத்தையும் பாத்திரத்தையும் பெற்றார்கள். பெறுவதற்கு ஒருவரும் வராத நாளில் இராப்போஜனம் நடவாது. குருவானவர் தனியே தமக்காக மட்டும் நடத்திக்கொள்ளும் பூசைக்கு அங்கே இடம் இல்லை. பந்திக்கு ஆள் வேண்டும் என்பது சட்டம்.

ஜனங்களுக்குத் திரும்பக் கிடைத்த இந்தப் பந்தியிலும் சண்டை புகுந்தது. 1529 அக்டோபரில் மார்பர்க் கோட்டையில் லூத்தரும் சுவிட்சர்லாந்துச் சீர்திருத்தக்காரர் சுவிங்கிலியும் சந்தித்தார்கள். பதினைந்து விஷயங்களில் பதினான்கில் முழு ஒற்றுமை. பதினைந்தாவது இராப்போஜனம். பாத்திரத்தை ஜனங்களுக்குக் கொடுக்க வேண்டும் என்பதில் அங்கேயும் இருவருக்கும் பேதம் இல்லை. கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் அதில் மெய்யாகவே இருக்கின்றனவா, அல்லது அது நினைவுச் சின்னந்தானா என்பதில் முரண்பட்டார்கள். லூத்தர் மேஜையின் மேல் சுண்ணக்கட்டியால் வேத வசனத்தை எழுதி வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்தார். சுவிங்கிலியைச் சகோதரர் என்று ஏற்க மறுத்துவிட்டார். பொதுவான பந்தியைப் பற்றிப் பேச வந்தவர்கள் இரண்டு பந்தியாகப் பிரிந்து போனார்கள். மனிதர்கள் உயிருக்கு உயிராகக் காப்பாற்றும் பொருளிலேதான் விட்டுக்கொடுக்க முடியாத பிடிவாதமும் வந்து சேருகிறது.

அப்போஸ்தலர் நாட்களுக்கு வேறு வகையில் கேடு வந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் அரசாங்கங்கள் விடுமுறைக் கணக்குப் பார்க்கத் தொடங்கின. திருநாள் அதிகமானால் வேலை கெடுகிறது என்று டென்மார்க் 1770-ல் பல திருநாட்களை நீக்கியது. ஸ்வீடன் 1772-ல் அப்போஸ்தலர் நாட்களில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டது. போப்பாண்டவரையும் சக்கரவர்த்தியையும் தாக்குப் பிடித்த நாட்களைக் கணக்குப்பிள்ளை வென்றுவிட்டான்! பிற்காலத்தில் வழிபாட்டு மறுமலர்ச்சி வந்தபோது இந்த நாட்கள் மீண்டும் துளிர்த்தன. 1978-ல் அமெரிக்க லுத்தரன் சபைகள் வெளியிட்ட ஆராதனைப் புத்தகத்தில் செப்டம்பர் 21 மத்தேயுவின் நாளாகவே இருக்கிறது. இன்று அந்த நாளில் பல ஆலயங்களில் பீடத்துக்குச் சிவப்புத் துணி போர்த்துகிறார்கள். இரத்த சாட்சியாக மாண்டவர்களுக்கு உரிய நிறம் அது.

இனி நம்முடைய கடற்கரைக்கு வரலாம். டென்மார்க் லுத்தரன் தேசம். அதன் வியாபாரக் கம்பெனிக்காரர்கள் 1620-ல் தஞ்சை நாயக்கரிடம் அனுமதி பெற்றுத் தரங்கம்பாடியில் கோட்டை கட்டினார்கள். டென்மார்க் அரசர் நான்காம் பிரடெரிக், தம்முடைய குடியேற்றத்தில் உள்ள தமிழருக்கும் தம் மதத்தைப் போதிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். அவர் அனுப்பிய சீகன்பால்கும் புளூட்சோவும் 1706 ஜூலை 9-ஆம் தேதி அங்கே வந்து சேர்ந்தார்கள். இருவரும் ஜெர்மானியர்கள். சீகன்பால்கு தமிழ் கற்ற வேகம் இன்றைக்கும் வியக்கத்தக்கது. ஜெர்மனியில் ஹாலே நகரத்தார் அச்சு யந்திரமும் தமிழ் எழுத்துக்களும் அனுப்பி வைத்தார்கள். 1714-ல் நான்கு சுவிசேஷங்களும் அப்போஸ்தலர் நடபடிகளும் தமிழில் அச்சாயின. மறு வருஷம் புதிய ஏற்பாடு முழுவதும் முடிந்தது. விட்டன்பர்க்கில் ஜெர்மன் பேசிய மத்தேயு, 192 ஆண்டு கழித்துத் தரங்கம்பாடியில் தமிழ் பேசினார். கப்பல்கள் வந்து சுங்கம் கட்டுகிற துறைமுகம் அது. ஆயக்காரன் என்றால் யார் என்று அந்த ஊர்க்காரர்களுக்கு யாரும் அர்த்தம் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

ஒரே தெருவில் இரண்டு கோவில்கள் இருந்தன. 1701-ல் கட்டிய சீயோன் கோவில் ஐரோப்பியருக்கு. 1718-ல் சீகன்பால்கு கட்டி முடித்த புது எருசலேம் கோவில் தமிழருக்கு. அந்தத் தமிழ்க் கோவிலுக்குள்ளும் மறுபடி இரண்டு கூட்டம் உண்டாயிற்று. வேளாளர் முதலிய சாதியார் ஒரு பக்கம் உட்கார்ந்தார்கள். பறையர் குலத்துக் கிறிஸ்தவர்கள் விலகி வேறு பக்கம் உட்கார்ந்தார்கள். இராப்போஜனத்துக்கு வரும்போது சாதியார் முதலில், மற்றவர்கள் பிறகு என்ற வரிசை படிந்தது. மிஷனரிகள் இதைப் பொறுத்துக்கொண்டார்கள். போதனை செய்துகொண்டே போனால் மனம் கனியும் என்று நம்பினார்கள். லூத்தரின் பொறுமை இங்கே வேறு உடுப்பு உடுத்திக்கொண்டது.

இந்தச் சமயத்தில் இராஜநாயக்கன் என்ற ஒரு மனிதர் வருகிறார். 1700-ல் பிறந்தவர். பறையர் குலம். தஞ்சாவூர் மன்னரின் படையில் சேவகர். பரம்பரையாகக் கத்தோலிக்கர். தரங்கம்பாடியில் அச்சான அந்தச் சுவிசேஷப் புத்தகம் ஒன்று அவர் கையில் கிடைத்தது. படித்தார். யாரும் வந்து வாதாடி அவரை மாற்றவில்லை, புத்தகமே மாற்றியது. 1720-களின் பிற்பகுதியில் அவர் லுத்தரன் சபையில் சேர்ந்து உபதேசியாரானார். தஞ்சை நாட்டில் ஊர் ஊராகப் போய்ப் போதித்தார். அடிக்கும் வசவுக்கும் அவர் அஞ்சவில்லை.

சபையில் தமிழரையே குருவாக்க வேண்டும் என்ற யோசனை கனிந்தது. 1733 டிசம்பரில் ஆரோன் என்ற வேளாளர் முதல் தமிழ் லுத்தரன் குருவாக அபிஷேகம் பெற்றார். இரண்டாவதாக யார் என்ற பேச்சில் இராஜநாயக்கனின் பெயர் எழுந்தது. அவருடைய அறிவிலோ ஒழுக்கத்திலோ உழைப்பிலோ யாரும் குறை சொல்லவில்லை. தடை வேறு இடத்தில் இருந்தது. குருவானால் அவர் பீடத்தில் நின்று பாத்திரத்தை எடுத்துக் கொடுப்பார்; சாதிக் கிறிஸ்தவர்கள் அதை அவர் கையிலிருந்து வாங்க மாட்டார்கள். மிஷனரிகளும் அந்த எண்ணத்துக்கு இணங்கிவிட்டார்கள். 1741-ல் டியோகோ என்பவர் குருவானார். இராஜநாயக்கன் 1771-ல் இறக்கும்வரை நாற்பது ஆண்டுக்கு மேல் உபதேசியாராகவே இருந்தார்.

மத்தேயு எழுதிய புத்தகம் ஒரு மனிதரைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்தது. மத்தேயுவின் பந்தியில் பரிமாறும் உரிமை அவருக்கு மறுக்கப்பட்டது. ஆயக்காரனோடு ஏன் சாப்பிடுகிறார் என்ற பழைய கேள்வியைப் பரிசேயர்கள் வெளியிலிருந்து கேட்டார்கள். தரங்கம்பாடியில் அந்தக் கேள்வி கோவிலுக்குள்ளேயே, பீடத்துக்கு அருகிலேயே எழுந்துவிட்டது. இராஜநாயக்கன் கோபித்துக்கொண்டு போயிருந்தால் சரித்திரம் அவரை நியாயவான் என்றே சொல்லியிருக்கும். அவர் போகவில்லை. அது அவருடைய பெருமை. சபைக்குப் பெருமை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் தஞ்சாவூர், சென்னை வேப்பேரி முதலிய இடங்களில் இருந்த பழைய லுத்தரன் சபைகள் ஆங்கிலிக்கன் சபையின் கைக்குப் போயின. கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-ல் ஒரு சுற்றறிக்கை விடுத்தார். சபையில் சாதி வித்தியாசம் உடனே ஒழிய வேண்டும், இராப்போஜனத்தில் எல்லோரும் கலந்தே வர வேண்டும் என்பது உத்தரவு. சாதிக் கிறிஸ்தவர்கள் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். தஞ்சையில் வாழ்ந்த வேதநாயக சாஸ்திரியார் பெரிய கவிஞர். ஜெர்மானியக் குருமார்களிடம் வளர்ந்தவர். அவர் புதிய மிஷனரிகளின்மேல் வைத்த குற்றச்சாட்டுகளில், பழைய வேத மொழிபெயர்ப்பைத் திருத்தியது, திருநாட்களில் பூ வைப்பதைத் தடுத்தது, தமிழ்ப் பாட்டையும் இசையையும் ஒடுக்கியது இவற்றோடு, பந்தியில் சாதிகளைக் கலக்கக் கட்டாயப்படுத்தியதும் ஒன்று. பூவையும் பாட்டையும் பற்றிய அவருடைய வருத்தம் நியாயமானது என்றே இன்று நாம் நினைப்போம். அதே மூச்சில் சொன்ன மற்றொன்றை நம்மால் ஏற்க முடியவில்லை. தன் மண்ணின் அழகைக் காப்பதும் தன் சாதியின் இடத்தைக் காப்பதும் ஒருவர் மனத்தில் எப்படிப் பின்னிக்கொள்கின்றன என்பதற்கு இது நல்ல உதாரணம்.

வெளியேறியவர்களில் பலர் பிற்பாடு ஜெர்மனியிலிருந்து வந்த லைப்சிக் மிஷனின் லுத்தரன் சபைகளில் சேர்ந்தார்கள். சாதி சமூக வழக்கம். அதைச் சட்டத்தால் அறுக்க முடியாது, சுவிசேஷம் மெள்ள மெள்ளக் கரைக்கும் என்பது அந்த மிஷனின் கொள்கை. அந்தக் கொள்கையை அவர்களில் எல்லோருமே ஏற்றார்கள் என்பதில்லை. கார்ல் ஓக்ஸ் என்ற மிஷனரி இதற்கு மனம் ஒப்பாமல் பிரிந்து போனார். ஆங்கிலேயர் கட்டாயப்படுத்தியதில் கூட்டம் உடைந்தது. ஜெர்மானியர் காத்திருந்ததில் அநியாயம் நீடித்தது. எது மேல் என்று இன்று நாற்காலியில் சாய்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்லுவது சுலபம். ஆனால் ஒன்று தெளிவு. பொறுத்திருங்கள் என்ற உபதேசத்தைச் சொன்னவர்கள் எல்லோரும் முதல் வரிசையில் இருந்தவர்கள். பொறுத்திருந்தவர்கள் கடைசி வரிசையில் நின்றவர்கள்.

1919-ல் தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை தனிச் சபையாக அமைந்தது. 1956-ல் ராஜா மாணிக்கம் அதன் முதல் இந்திய பிஷப் ஆனார். இராஜநாயக்கனின் காலத்து வரிசை முறை இன்று எந்தச் சபையின் சட்டத்திலும் இல்லை. மனத்துக்குள் இருப்பதைச் சட்டப் புத்தகத்தில் தேடிப் பயனில்லை. அது கிறிஸ்தவர்களுக்கு மட்டும் உரிய சங்கடமும் அன்று. சமபந்தி போஜனம் என்று தனியாகப் பெயர் வைத்து, மேடை போட்டு, தலைவர்களை உட்கார வைத்து நடத்த வேண்டியிருக்கிற தேசம் இது. பந்தி சமமாகவே இருந்திருந்தால் அந்தப் பெயருக்கே வேலை இருந்திராது.

இந்தச் சரித்திரத்தை மொத்தமாகப் பார்க்கும்போது எனக்குத் தோன்றுவது இதுதான். மேலே இருப்பவனிடமிருந்து பாத்திரத்தை வாங்குவதற்கு ஜனங்கள் உயிரைக் கொடுத்தார்கள். அதில் வெற்றியும் பெற்றார்கள். வாங்கிய பாத்திரத்தைப் பக்கத்தில் நிற்பவனுக்கு நீட்டுவது அதைவிடக் கடினமாக இருந்திருக்கிறது. அதற்குப் போப்பாண்டவரையோ சக்கரவர்த்தியையோ எதிர்க்க வேண்டியதில்லை. தன்னையே எதிர்க்க வேண்டும்.

செப்டம்பர் 21-ஆம் தேதி அந்த ஆயக்காரர் நினைவாக ஆலயங்களில் அதே பாடம் படிக்கப்படுகிறது. ஜனங்கள் எழுந்து நின்று கேட்கிறார்கள். பிறகு பீடத்தின் முன் வந்து முழந்தாளிட்டு, ஒருவர் பின் ஒருவராகப் பாத்திரத்தைப் பெறுகிறார்கள். அந்தப் பரிசேயர்கள் கேட்ட கேள்வியை மத்தேயு எழுதி வைத்தார். அவர்களுக்குக் கிடைத்த பதிலையும் எழுதி வைத்தார். அதற்குப் பிறகு அவர்களும் வந்து பந்தியில் உட்கார்ந்தார்களா என்பதை அவர் எழுதவில்லை.